செங்கோல், கொடுங்கோல், பொங்கோல்



தமிழில் 'கோல்' என்பது சிறிய சொல். அது சுமக்கும் பொருளோ பெரியது. எழுதுகோல், அளவுகோல், ஊன்றுகோல், துலாக்கோல் என்று எத்தனையோ கோல்கள் நம்மிடம் உண்டு. ஆள்பவன் கையில் அது நிமிர்ந்து நின்றால் செங்கோல், வளைந்துவிட்டால் கொடுங்கோல். திருவள்ளுவர் 55ஆம் அதிகாரத்தைச் செங்கோன்மைக்கும், 56ஆம் அதிகாரத்தைக் கொடுங்கோன்மைக்கும் ஒதுக்கினார். அத்துடன் நின்றாரா என்றால் இல்லை. அடுத்த அதிகாரத்துக்கு 'வெருவந்த செய்யாமை' என்று பெயரிட்டார். குடிமக்கள் அஞ்சி நடுங்கும் செயல்களை ஆள்வோன் செய்யலாகாது என்பது அதன் கருத்து. கொடுங்கோலுக்கும் அச்சத்துக்கும் உள்ள உறவை அவர் நன்கு அறிந்திருந்தார்.

சிங்கப்பூரின் வடகிழக்கு ஓரத்தில் பொங்கோல் என்றோர் ஊர் இருக்கிறது. அப்பெயரில் உள்ள கோலுக்கும் நம் தமிழ்க் கோலுக்கும் உறவில்லை. அது மலாய்ச் சொல். மரத்தின் மேல் கட்டையை விட்டெறிந்து பழத்தை விழச் செய்வதைக் குறிப்பது என்று பொருள் கூறுவர். ஒலி ஒற்றுமை தற்செயலானதுதான். ஆனாலும், கொடுங்கோலின் கீழ் ஒரு பிள்ளை வளர்வது எப்படியிருக்கும் என்று நம் மாணவர்களுக்கு விளக்க வேண்டுமானால், அவர்களை இரண்டு இடங்களுக்கு அழைத்துச் செல்லலாம். ஒன்று, தமிழில் எழுந்த ஒரு விஞ்ஞான நாவல். மற்றொன்று, இந்தப் பொங்கோலின் கடற்கரை. முன்னதில் கற்பனையாகப் படிப்பது பின்னதில் உண்மையாக நடந்திருக்கிறது. இன்றைய பேச்சில் இவ்விரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்ப்போம்.

முதலில் விஞ்ஞான நாவல் என்றால் என்ன என்று சுருக்கமாகக் காண்போம். விண்கலமும் இயந்திர மனிதனும் வந்துவிட்டால் அது விஞ்ஞான நாவல் என்று பலர் நினைக்கிறார்கள். அவை வெறும் அணிகலன்களே. இன்று நம்மிடம் இருக்கும் ஒரு பழக்கத்தையோ கருவியையோ எடுத்துக்கொண்டு, 'இது இப்படியே வளர்ந்துகொண்டு போனால் என்ன ஆகும்?' என்று கேட்பதுதான் அதன் உயிர். கொடுங்கோலாட்சியைப் பற்றி இந்தக் கேள்வியைக் கேட்ட எழுத்தாளர் பலர். ரஷ்யாவில் யெவ்கேனி ஸாம்யாத்தின் 1920களின் தொடக்கத்தில் எழுதிய நாவலுக்கு 'நாம்' என்றே பெயர். அதில் வரும் மனிதர்களுக்குப் பெயர் கிடையாது. எழுத்தும் எண்ணும் சேர்ந்த குறியீடு மட்டுமே. ஆங்கிலத்தில் ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984' என்னும் நாவல் 1949இல் வெளிவந்தது. வீட்டுச் சுவரிலிருந்து ஆட்சியின் கண் நம்மைப் பார்த்துக்கொண்டே இருக்கும் உலகம் அது. அமெரிக்க எழுத்தாளர் லோயிஸ் லவ்ரி 1993இல் எழுதிய 'கொடுப்பவர்' என்னும் பொருள்படும் நாவல் இளைஞர்களுக்கானது. துன்பம் இல்லை, நிறம் இல்லை, பழைய நினைவும் இல்லை என்னும்படியாக ஒழுங்கு செய்யப்பட்ட ஓர் ஊரில், பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவனிடம் மட்டும் ஊரின் பழைய நினைவுகள் ஒப்படைக்கப்படுகின்றன. அந்த நினைவுகளால் அவன் வளர்கிறான்; வளர்ந்ததால் அவனால் அங்கே இருக்க முடியவில்லை.

இந்த வரிசையில் வைத்து எண்ணத்தக்க தமிழ் நாவல் ஒன்று உண்டு. அது சுஜாதா எழுதிய 'என் இனிய இயந்திரா'. சுஜாதா என்னும் புனைபெயரில் எழுதிய எஸ். ரங்கராஜன் 1935இல் பிறந்தவர், 2008இல் காலமானார். பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளராகப் பணியாற்றியவர். இந்தியாவின் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தை உருவாக்கும் பணியில் அவருக்குப் பங்குண்டு. ஆட்சியாளரை மக்கள் தேர்ந்தெடுப்பதற்கான கருவியில் கை வைத்த அதே மனிதர்தாம், யாரும் தேர்ந்தெடுக்காத ஓர் ஆட்சியாளனைப் பற்றிய கதையையும் எழுதினார் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. நாவல் 1980களில் 'ஆனந்த விகடன்' வார இதழில் தொடராக வந்தது. 'மீண்டும் ஜீனோ' என்பது அதன் தொடர்ச்சி.

கதை நிகழும் காலம் 2020களின் தொடக்கம். அதாவது, அன்று எதிர்காலமாக இருந்தது இன்று நமக்குக் கடந்தகாலம் ஆகிவிட்டது. இந்தியாவை ஜீவா என்னும் தனியொருவன் ஆள்கிறான். வெளிப்பார்வைக்கு எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. வீதி சுத்தம், வேலை உண்டு, உணவு உண்டு. ஆனால் பிள்ளை பெற்றுக்கொள்ள அரசின் அனுமதி வேண்டும். நிலா என்னும் இளம் பெண்ணுக்கு அந்த அனுமதி கிடைக்கிறது. அவள் மகிழ்ந்து போகிறாள். அந்த நேரத்தில் அவள் கணவன் சிபி காணாமற் போகிறான். அவள் வீட்டுக்கு ரவி என்னும் இளைஞன் வந்து சேர்கிறான். அவனோடு வருவது ஜீனோ என்னும் இயந்திர நாய்க்குட்டி. கணவனைத் தேடிப் புறப்படும் நிலா, படிப்படியாக ஆட்சியின் உட்புறத்தையே பார்த்துவிடுகிறாள்.

நிலா, சிபி, ரவி, மனோ, ஜீவா, ஜீனோ. இந்தப் பெயர்களைச் சற்று நிறுத்தி எண்ணிப் பாருங்கள். எல்லாம் இரண்டு இரண்டு எழுத்துகள். இது ஆசிரியரின் சிக்கனம் என்று எண்ணிவிட வேண்டாம். அந்த நாட்டின் சட்டம் அப்படி. பெயர் இரண்டெழுத்துக்கு மேல் போகக்கூடாது. இயந்திரத்தில் பதிய வசதி என்பது அதற்கான காரணம்.

தோட்டப் பள்ளியில் இந்தக் கதையை வகுப்பில் சொல்லும்போது நாம் ஒரு பயிற்சி கொடுப்பதுண்டு. 'உங்கள் பெயரை இரண்டெழுத்தாகக் குறைத்து எழுதுங்கள்' என்போம். பிள்ளைகள் சிரித்துக்கொண்டே தொடங்குவார்கள். கலைச்செல்வி என்ற பெயர் 'கலை' ஆகும், பாதகமில்லை. தமிழரசன் 'தமி' ஆகும்போது சிரிப்பு கூடும். முத்துமாரியம்மாள் எது ஆவாள்? முத்துவிலே மூன்று எழுத்து, அதுவும் கூடாது. பாட்டியின் பெயர், குலதெய்வத்தின் பெயர், பிறந்த ஊரின் நினைவு என்று ஒரு பெயருக்குள் இருந்த அத்தனையும் கழன்று விழுவதைப் பார்த்ததும் வகுப்பில் சிரிப்பு அடங்கிவிடும். அடி இல்லை, சிறை இல்லை, பசி இல்லை. ஆனால் எதையோ பறிகொடுத்துவிட்டோம் என்பது பத்து வயதுப் பிள்ளைக்கும் விளங்கிவிடுகிறது. கொடுங்கோன்மைக்கு இதைவிட எளிய பாடம் கிடைப்பது அரிது.

நாவல் காட்டும் கொடுங்கோலாட்சியின் பிடிகளை மூன்றாகப் பகுத்துக்கொள்ளலாம். முதலாவது பெயர், மனிதனைப் பதிவேட்டுக்கு ஏற்றபடி வெட்டிக்கொள்வது. இரண்டாவது அனுமதி, நம் வாழ்க்கையில் நமக்கு இயல்பாக உள்ள ஒன்றை அரசு தன்னுடையதாக்கிக்கொண்டு, பின்பு அதையே பரிசுபோல நமக்குத் தருவது. பிள்ளை பெற அனுமதி கிடைத்ததும் நிலா நன்றியோடு மகிழ்கிறாளே, அதுதான் அந்த ஆட்சியின் பெரிய வெற்றி. மூன்றாவது உருவமும் குரலும். ஆள்பவனை மக்கள் எங்கும் பார்க்கிறார்கள், எங்கும் கேட்கிறார்கள், ஆனால் யாரும் நெருங்கியதில்லை. அந்த ஜீவா என்பவனே ஒளியால் ஆக்கிய உருவம்தான் என்று பின்னர் தெரியவருகிறது.

இவற்றுக்கு எதிராக ஆசிரியர் எதை நிறுத்துகிறார்? ஒரு படையையா? இல்லை. ஒரு நாய்க்குட்டியை. ஜீனோ முதலில் விளையாட்டுப் பொருள்போலத்தான் வருகிறது. பிறகு அது புத்தகம் படிக்கிறது, கேள்வி கேட்கிறது, கேலி பேசுகிறது, சுயமாகச் சிந்திக்கத் தொடங்குகிறது. மனிதர்களை இயந்திரமாக்கிய நாட்டில் ஓர் இயந்திரம் மனிதத்தன்மை பெறுகிறது. நிலாவும் அதனோடு சேர்ந்து வளர்கிறாள். வயதால் அவள் ஏற்கெனவே வளர்ந்தவள்தான். கேள்வியால் வளர்வது அப்போதுதான் தொடங்குகிறது. ஆகவே இந்நாவலை, கொடுங்கோலின் கீழ் வளர்தல் என்னும் பொருளைப் பற்றிய கதை என்று நாம் துணிந்து கூறலாம்.

நேயர்களே, இதெல்லாம் எழுத்தாளரின் கற்பனைதானே, நம் பக்கத்தில் இப்படி நடக்குமா என்று சிலர் கேட்கக்கூடும். நடந்திருக்கிறது. நாவலாசிரியர் ஆறு வயதுச் சிறுவனாகத் தமிழ்நாட்டில் இருந்த காலத்தில், அவர் வயதையொத்த சிங்கப்பூர்ப் பிள்ளைகள் அதை அனுபவித்துக்கொண்டிருந்தார்கள்.

1942ஆம் ஆண்டு பிப்ரவரி 15ஆம் தேதி சிங்கப்பூரிலிருந்த பிரிட்டிஷ் படை ஜப்பானியரிடம் சரணடைந்தது. அடுத்து நடந்த முதற்காரியங்களில் ஒன்று பெயர் மாற்றம். சிங்கப்பூர் 'சியோனான்' ஆயிற்று. தெற்கின் ஒளி என்பது அதன் பொருள். கடிகாரத்தை டோக்கியோ நேரத்துக்கு மாற்றினார்கள். முள் ஒன்றரை மணி நேரம் முன்னே தள்ளப்பட்டது. காலை எட்டு மணியளவில்தான் விடியும் என்றாயிற்று. ஆண்டையும் மாற்றினார்கள். ஜப்பானின் முதற்பேரரசர் அரியணை ஏறியதாகக் கருதப்படும் ஆண்டிலிருந்து கணக்கிடும் முறைப்படி 1942ஆம் ஆண்டு 2602 ஆயிற்று. அன்றைய செய்தித்தாள்களின் தலைப்பில் அந்த எண்ணைக் காணலாம். எந்த விஞ்ஞான நாவலாசிரியனும் துணியாத தாவல் இது. ஒரு பிள்ளை பிப்ரவரியில் 1942ஆம் ஆண்டில் தூங்கி எழுந்து, சில வாரங்களில் 2602ஆம் ஆண்டில் பள்ளிக்குப் போக வேண்டியிருந்தது.

பள்ளிகள் மீண்டும் திறந்தபோது ஜப்பானிய மொழியும் ஜப்பானியப் பாட்டும் முதலிடம் பெற்றன. காலையில் ஜப்பான் இருக்கும் திசை நோக்கிக் குனிந்து வணங்க வேண்டும். ஜப்பானிய நாட்டுப்பாடலைப் பாட வேண்டும். வானொலியில் வரும் இசைக்கும் கட்டளைக்கும் ஏற்பக் கூட்டாக உடற்பயிற்சி செய்ய வேண்டும். போருக்கு முன் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகளில் ஒரு சிறு பகுதியினரே பள்ளிக்குத் திரும்பினர். மற்றவர்கள் மரவள்ளிக் கிழங்கு நடவும், சில்லறை வியாபாரம் செய்யவும், வரிசையில் நிற்கவும் கற்றுக்கொண்டார்கள். பத்து வெள்ளி நோட்டில் வாழை மரம் அச்சிடப்பட்டிருந்ததால் அந்தப் பணத்தை மக்கள் வாழைமர நோட்டு என்றார்கள். அரிசியின் விலை ஏற ஏற நோட்டின் மதிப்பு இறங்கியது. 1945இல் ஜப்பான் தோற்றதும் அது வெறும் காகிதமாயிற்று.

வானொலியில் பேசிக்கொண்டிருக்கும் நாம் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அன்றைக்கு வானொலி இரண்டு முகம் கொண்டிருந்தது. ஆட்சியின் குரலைக் கேட்பது கடமை. வெளிநாட்டுச் சிற்றலை நிலையங்களைக் கேட்பது குற்றம். 1943ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் தேதி கெம்பித்தாய் எனப்பட்ட இராணுவக் காவல் பிரிவு சாங்கி முகாமில் தேடுதல் நடத்திப் பலரைப் பிடித்துச் சென்றது. பிடிபட்ட 57 பேரில் 15 பேர் உயிரிழந்தனர். அதே விவகாரத்தில் பிடிக்கப்பட்டவர் எலிசபெத் சாய் என்னும் பெண்மணி. அவர் போருக்கு முன் ஆசிரியை. ஒரு மருத்துவமனையில் கணவருடன் சிற்றுண்டிச்சாலை நடத்திக்கொண்டு, சிறைப்பட்டோருக்குப் பணமும் செய்தியும் வானொலி உதிரிபாகங்களும் சென்று சேர உதவியவர். இருநூறு நாட்களுக்குச் சற்றுக் குறைவாகச் சிறையில் வைத்து வதைத்தார்கள். அவர் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. போருக்குப் பின்னர் சட்டமன்ற உறுப்பினராகவும், பார்வையற்றோர் பள்ளியின் முதல்வராகவும் பணியாற்றி, 2006இல் மறைந்தார். நாவலில் ஜீனோ செய்யும் வேலையை உண்மை உலகில் ஓர் ஆசிரியை செய்திருக்கிறார் என்பது ஆசிரியத் தொழிலில் உள்ள எம் போன்றோருக்குப் பெருமை.

இனிப் பொங்கோலுக்கு வருவோம். போருக்கு முந்திய பொங்கோல், மீனவர் குடில்களும் ரப்பர் மரங்களும் பன்றி, கோழிப் பண்ணைகளும் நிறைந்த பட்டிக்காடு. அங்கே பிள்ளைகளுக்கு ஒரு வேடிக்கையிடமும் இருந்தது. வில்லியம் லாரன்ஸ் சோம பசப்பா என்னும் இந்திய வணிகர் விலங்குகளின் மீது பெரும் பற்றுக் கொண்டவர். முதலில் சிராங்கூன் சாலையிலேயே விலங்குகளை வளர்த்து வந்தார். இன்று நாம் லிட்டில் இந்தியா என்றும் தேக்கா என்றும் சொல்லும் வட்டாரத்தையொட்டிய அதே சாலைதான். இடம் போதாமல் 1928இல் பொங்கோல் கடலோரத்துக்கு மாற்றினார். போர் நெருங்கியபோது பிரிட்டிஷ் படை தற்காப்புக்காக அந்த நிலத்தைக் கேட்டது. விலங்குகளை அப்புறப்படுத்த அவருக்குத் தரப்பட்ட அவகாசம் ஒரே நாள். அது ஆகிற காரியமா? பறவைகள் திறந்துவிடப்பட்டன; ஆபத்தான விலங்குகள் சுடப்பட்டன. பசப்பா 1943இல் காலமானார். பிள்ளைகள் கூடிப் பார்த்த இடம் இப்படி முடிந்தது.

அதைவிடக் கொடியது அடுத்து வந்தது. சரணடைந்த சில நாட்களில் ஜப்பானிய இராணுவம் சீன ஆடவரைத் 'தணிக்கை' செய்யத் தொடங்கியது. 'சூக் சிங்' என்று அதைக் குறிப்பிடுகிறார்கள். 18 முதல் 50 வயது வரையிலான சீன ஆடவர் குறிப்பிட்ட இடங்களில் வந்து கூட வேண்டும் என்று உத்தரவு. சிராங்கூன் சாலைக்கு அருகிலுள்ள ஜாலான் புசாரும் அவ்விடங்களில் ஒன்று. வெயிலில் நாள் கணக்கில் காத்திருந்தார்கள். விசாரணை என்று பெயர். ஆனால் முறையான விசாரணை எதுவும் இல்லை. ஒரு பார்வை, ஒரு கேள்வி, முகமூடியிட்ட ஒருவனின் தலையசைப்பு. தப்பியவருக்குச் 'சோதிக்கப்பட்டது' என்னும் சீன எழுத்து முத்திரை குத்தப்பட்டது. காகிதம் கிடைக்காத இடத்தில் சட்டையில் குத்தினார்கள், கையிலும் குத்தினார்கள். அந்த மை அழிந்துவிடக்கூடாதே என்று பல நாட்கள் அந்த இடத்தில் தண்ணீர் படாமல் காத்துக்கொண்டவர்கள் உண்டு. ஓர் எழுத்து இருந்தால் மனிதன், இல்லாவிட்டால் இல்லை.

முத்திரை கிடைக்காதவர்கள் லாரிகளில் ஏற்றப்பட்டனர். 1942ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் தேதி, பொங்கோல் முனைக் கடற்கரையில் 300 முதல் 400 சீன ஆடவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். மேல் சிராங்கூன் சாலை வட்டாரத்தில் வீடு வீடாகத் தேடிப் பிடிக்கப்பட்ட ஏறத்தாழ ஆயிரம் பேரில் அடங்கியவர்கள் அவர்கள். தீவு முழுவதும் இந்தத் தணிக்கையில் மாண்டவர் எத்தனை பேர் என்பதில் இன்றளவும் ஒருமித்த கணக்கு இல்லை. ஜப்பானியத் தரப்பு ஒப்புக்கொண்டது சுமார் 5,000. சீனச் சமூகத்தின் மதிப்பீடுகளோ அதைவிடப் பல மடங்கு. பதிவேட்டுக்காக மனிதரை வெட்டிக் குறைத்த ஆட்சி, தான் கொன்றவரைப் பதிவேட்டில் எழுதி வைக்கவில்லை. பொங்கோல் முனையில் பின்னாளில் நினைவுச் சின்னம் நாட்டப்பட்டது. அதன் பலமொழி வாசகத்தில் தமிழும் உண்டு.

தமிழ்ப் பிள்ளைகளின் நிலை என்ன? அவர்களுடைய தந்தையர் இந்தத் தணிக்கைக்கு ஆளாகவில்லை. ஆனால் வேறு விதமாகக் காணாமற் போனார்கள். பர்மாவுக்கும் சயாமுக்கும் இடையே 415 கிலோமீட்டர் நீளமுள்ள இரயில் பாதையை ஜப்பானியர் 1942, 1943ஆம் ஆண்டுகளில் அமைத்தனர். மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர் அங்கே கொண்டு செல்லப்பட்டனர். சில மாத வேலை, நல்ல கூலி என்று ஆசை காட்டியும் அழைத்தார்கள். வலிந்து பிடித்தும் ஏற்றினார்கள். வாந்திபேதியும் மலேரியாவும் பசியும் அவர்களைத் தின்றன. தாய்லாந்தில் காஞ்சனபுரி போர்க் கல்லறைக்குச் சென்றவர்கள் பார்த்திருப்பார்கள். அங்கே இறந்த போர்க்கைதிகளுக்குப் பெயர் பொறித்த கல் வரிசை வரிசையாக நிற்கிறது. அதே பாதையில் விழுந்த நம் தோட்டத்து மக்களுக்கு அப்படிப் பெயர் பொறித்த கல் கிடையாது. இரண்டெழுத்தாகக் குறைந்த பெயர் நாவலில் வருகிறது. ஓரெழுத்தும் மிஞ்சாத பெயர்கள் வரலாற்றில் கிடக்கின்றன. சயாம் மரண இரயில் என்று தோட்டத்துப் பெரியவர்கள் சொல்லும்போது குரல் தாழ்வதற்கு இதுவே காரணம்.

இதற்கு நடுவில் மற்றொரு குரலும் ஒலித்தது. 1943ஆம் ஆண்டு ஜூலையில் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூருக்கு வந்தார். அவ்வாண்டு அக்டோபர் 21ஆம் தேதி சுதந்திர இந்தியத் தற்காலிக அரசை இங்கே பிரகடனம் செய்தார். தோட்டத்தில் பால் வெட்டிய பெண்கள் ஜான்சிராணிப் படையில் சேர்ந்து துப்பாக்கி ஏந்தினார்கள். சிறுவர்களுக்குப் பாலர் சேனை அமைந்தது. கங்காணி முன் நிமிர்ந்து நிற்கவும் அஞ்சிய மக்கள் திடலில் நிமிர்ந்து நின்றார்கள் என்பது பொய்யன்று. அதே சமயம், அந்த நிமிர்வு ஜப்பானியர் ஆட்சியின் நிழலில் நடந்தது என்பதும் பொய்யன்று. தந்தை சயாமில், அண்ணன் படையில், பக்கத்து வீட்டுச் சீனக் குடும்பத்தின் தலைவர் திரும்பி வரவேயில்லை. இந்த மூன்றையும் ஒரே நேரத்தில் மனத்தில் வைத்துக்கொண்டு ஒரு தமிழ்ப் பிள்ளை வளர வேண்டியிருந்தது. அந்தப் பிள்ளையிடம் நன்மை இது, தீமை இது என்று ஒரே கோடு போட்டுக் காட்ட யாரால் முடியும்?

இங்கேதான் நாவல் நமக்கு உதவுகிறது. நிலாவும் எளிய கோடு எதையும் பெறவில்லை. ஜீவாவை எதிர்ப்பதாகச் சொல்லிக்கொண்டு வருபவர்களை அவள் நம்புகிறாள். ஜீவா போன பின்னர், எதிர்த்தவர்களே அவளைப் பொம்மை அரசியாக வைத்துக்கொண்டு ஆளப் பார்க்கிறார்கள். கொடுங்கோலன் வீழ்ந்தால் கொடுங்கோல் தானாக வீழ்ந்துவிடாது, கை மாறக்கூடும். இதை நேதாஜியின் வரலாற்றோடு ஒப்பிட்டுப் பழி சொல்ல நாம் வரவில்லை; அது முறையும் ஆகாது. நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான். விடுதலை தருகிறேன் என்பவரிடமும் கேள்வி கேட்கத் தெரிந்த பிள்ளைதான் வளர்ந்த பிள்ளை.

நாவலுக்கும் வரலாற்றுக்கும் உள்ள வேறுபாட்டையும் மறைக்கக்கூடாது. சியோனான் ஆட்சி பட்டினி போட்டது. பசியை எல்லாரும் உடனே அறிவார்கள். கிழங்கைத் தின்ற எந்தப் பிள்ளையும் தான் நல்லாட்சியில் இருப்பதாக எண்ணியிருக்க முடியாது. ஜீவாவின் ஆட்சியோ வயிற்றுக்குச் சோறு போடுகிறது. அங்கே குறைவது எது என்று மக்களுக்கே தெரிவதில்லை. முதல் வகைக் கொடுங்கோலை வரலாற்றில் படிக்கலாம். இரண்டாம் வகையைக் கதையில்தான் முன்கூட்டிப் பார்க்க முடிகிறது. ஆகவே பிள்ளைகளுக்கு இரண்டும் வேண்டும். வரலாறு மட்டும் படித்தவன், 'அது முடிந்துபோன கதை' என்று நினைத்துவிடலாம். நாவல் மட்டும் படித்தவன், 'அது நடக்காத கதை' என்று நினைத்துவிடலாம்.

பெற்றோரும் ஆசிரியரும் இந்த நாவலை இளையோருடன் சேர்ந்து படிக்க விரும்பினால், மூன்று கேள்விகளைத் துணையாகக் கொள்ளலாம். ஆட்சி என்று இருக்க வேண்டியதில்லை. பள்ளி, வேலையிடம், வீடு எதுவாயினும் இவை பொருந்தும். முதற்கேள்வி: இங்கே நம் பெயரை நாம் விரும்பியபடி சொல்லிக்கொள்ள முடிகிறதா? இரண்டாவது: நமக்கு உரியதையே யாராவது நமக்குப் பரிசாகத் தந்துகொண்டிருக்கிறார்களா? மூன்றாவது: ஒருவர் காணாமற் போனால், 'அவர் எங்கே?' என்று உரக்கக் கேட்க முடிகிறதா? மூன்றாம் கேள்வியைத்தான் நிலா கேட்டாள். அதைக் கேட்டதால்தான் கதையே நடந்தது.

மற்றொரு வேலையும் இருக்கிறது. அதை நாள் கடத்த முடியாது. 1942இல் ஆறேழு வயதாக இருந்த பிள்ளைகள் இப்போது தொண்ணூறு வயதைத் தொட்டவர்கள். கொடுங்கோலின் கீழ் வளர்ந்தவர்களுக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொள்வதுண்டு. பேசாமலிருப்பது என்பது அப்பழக்கம். அன்று பேசாமலிருந்ததால் உயிர் தப்பினார்கள். ஆட்சி போய்ப் பல்லாண்டு ஆகியும் வாய் திறக்கவில்லை. பேரப்பிள்ளைகள் கேட்டதில்லை, இவர்களும் சொன்னதில்லை. உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ அப்படியொரு பெரியவர் இருந்தால், அருகில் உட்கார்ந்து கேளுங்கள். 'ஜப்பான்காரன் காலத்தில் என்ன சாப்பிட்டீர்கள், பாட்டி?' என்று சாப்பாட்டில் தொடங்குங்கள். அரசியலைக் கேட்டால் மூடிக்கொள்ளும் வாய், மரவள்ளிக் கிழங்கைக் கேட்டால் திறக்கும். பள்ளியில் என்ன பாட்டுப் பாடினீர்கள் என்று கேளுங்கள். எட்டு வயதில் பாடிய ஜப்பானியப் பாட்டு வரி மாறாமல் வரக்கூடும். யார் திரும்பி வரவில்லை என்பதைக் கடைசியாகக் கேளுங்கள். அவர்கள் சொல்லும் பெயரை முழுதாக எழுதி வையுங்கள். தகப்பன் பெயர், தோட்டத்துப் பெயர், ஊர்ப் பெயர் என்று எதையும் குறைக்க வேண்டாம்.

இன்றைய பொங்கோல் வானுயர்ந்த வீடுகளின் நகரம். பன்றிப் பண்ணைகள் இருந்த நிலத்தில் இலகு ரயில் ஓடுகிறது. மின்னிலக்க வட்டாரம் என்று ஒரு தனிப் பகுதியே அமைந்திருக்கிறது; சிங்கப்பூர்த் தொழில்நுட்பக் கழகத்தின் வளாகம் 2024இல் அங்கு வந்தது. சுஜாதா நாவலில் வருணித்த கருவிகளில் பல இப்போது அங்குள்ள பிள்ளைகளுக்குப் பாடப்பொருள். கருவியைக் கண்டு அஞ்ச வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. நாவலில் மிக நல்ல பாத்திரமே ஒரு கருவிதான். ஜீனோ படித்தது, கேட்டது, சிரித்தது. அந்த மூன்றையும் நம் பிள்ளைகள் இயந்திரத்துக்கு விட்டுக்கொடுத்துவிடாமல் இருந்தால் போதும்.

அடுத்த விடுமுறை நாளில் பிள்ளைகளோடு பொங்கோல் முனைக்குப் போகிறவர்கள், கடல் காற்றை வாங்கிய பிறகு அந்த நினைவுச் சின்னத்தின் முன்பும் சற்று நில்லுங்கள். அதிலுள்ள தமிழைப் பிள்ளையை விட்டே வாசிக்கச் சொல்லுங்கள். வாசித்து முடித்ததும் அது ஏதேனும் கேள்வி கேட்கும். விடை தெரிந்தால் சொல்லுங்கள். தெரியாவிட்டால் இருவரும் சேர்ந்து தேடுங்கள். கேட்காதே என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.